எட்டாம் தொட்டியில் செவ்வாய்

என் வாழ்க்கை வரலாற்றை எழுத இதுவரை யாரும் முன்வரவில்லை. இனியும் வரப்போவதில்லை என்பது ஐம்பத்திரண்டு வயதில் தெளிவாகிவிட்டதால் நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயர் மதியழகன். தொழில், நாமகிரிப்பேட்டை சாலையில் ஒரு சேகோ மில்லில், அதாவது ஜவ்வரிசி ஆலையில், மேஸ்திரி. மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கை அரைத்து, பாலெடுத்து, தொட்டியில் தேக்கி, அடியில் படிகிற மாவை வெட்டி, களத்தில் காயவைத்து மூட்டை பிடிக்கிற வரைக்கும் எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்வேன். வேலையைச் செய்வது சின்னாயியும் இன்னும் பதினாறு பெண்களும். நான் வேப்பமர நிழலில் நின்று கையை நீட்டுவேன்.

படிப்பு பி.எஸ்சி. ஜியாலஜி. சேலத்தில் மூன்று வருடம் படித்தேன். முடித்தேன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இரண்டு பேப்பர் இன்னமும் நிற்கிறது. ஒன்று பாறையியல், இன்னொன்று பாறையியல் செய்முறை. அதாவது, பாறையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தேறிய ஜியாலஜிக்காரன் நான். அரியரை எழுதி முடிக்கிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமே என்று இந்த மில்லில் சேர்ந்தேன். இருபத்தெட்டு வருடம் ஆகிறது. இன்னும் சும்மா இருக்கவில்லை.

இதெல்லாம் மறந்துபோன சங்கதியாகத்தான் கிடந்தது. கல்லூரிக் கூட்டாளிகள் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துக் கெடுத்தார்கள். முப்பத்திரண்டு பேர். அதில் பிரபாகர் என்று ஒருவன், ஹைதராபாத்தில் பாறைகளை ஆராய்கிற பெரிய ஆள். பரீட்சையில் எனக்கு முன்பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு நாள்கூடத் தாளைத் திருப்பிக் காட்டாத புண்ணியவான். அவன்தான் செவ்வாய் கிரகத்தில் ஊர்கிற வண்டி எடுத்து அனுப்பும் படங்களைக் குழுவில் போடுவான். அங்கே தெரிகிற பாறையைப் பூமியில் எதனோடு ஒப்பிடலாம் என்று கேட்பான். மற்றவர்கள் காலை வணக்கம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நான் மாட்டிக்கொண்டேன்.

பைத்தியம் பிடித்துவிட்டது என்றே சொல்லலாம். செவ்வாய்ப் பாறையில் வெள்ளை நரம்பு ஓடுகிறதா, உடனே சேலம் மாக்னசைட் மேட்டுக்குப் பஸ் ஏறிப் போய் அங்கே ஓடுகிற வெள்ளை நரம்பைப் படமெடுத்துப் போட்டேன். அங்கே உருண்டைக் கூழாங்கல் கிடக்கிறது, ஒரு காலத்தில் ஆறு ஓடியிருக்கிறது என்று படித்தேன். பரமத்தி வேலூரில் என் மனைவி ஜெயப்பிரியாவின் தங்கை மகளுக்குச் சீர் நடந்தபோது, பெரியப்பா முறைக்கு நிற்க வேண்டிய நான் காவிரிக் கரையில் குத்தவைத்துக் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சபையில் என் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார்களாம்.

"ஒறம்பரை அத்தன பேரும் என்ற மூஞ்சியப் பாக்கறாங்க. உங்களுக்குக் கல்லு கேக்குதா கல்லு?" என்று ஜெயப்பிரியா பஸ்ஸில் வரும்போது ஆரம்பித்தவள் ராசிபுரம் தாண்டித்தான் நிறுத்தினாள். என் மடியில் இருந்த கூழாங்கல் பையை ஆண்டகளூர்க் கேட்டிலேயே ஜன்னல் வழியாக வீசிவிட்டிருந்தாள்.

வீட்டில் கேட்க ஆள் இல்லையென்றால் மில்லில் கேட்கவைப்பதுதானே மேஸ்திரிக்கு அழகு. டீ நேரத்தில் பெண்களை உட்காரவைத்து போனைக் காட்டுவேன். அவர்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம். அதில் எட்டு நிமிடம் நான் எடுத்துக்கொள்வேன்.

"இது என்னுங்க மேஸ்திரி, நம்ம ஏரி காஞ்சு கெடக்குதா?" என்று ஒருநாள் சின்னாயி கேட்டாள்.

"செவ்வாய் கிரகம்."

"அங்க என்னுங்க வெளையுது?"

"ஒண்ணும் வெளையாது."

"அப்பறம் எதுக்குங்க போனாங்க?"

மற்ற பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பேராசிரியர் குரலில் சொன்னேன்: "தெரிஞ்சுக்கப் போனாங்க. ஆளைக் கேட்டா பொய் சொல்லுவான். கல்லு பொய் சொல்லாது. எப்ப மழை பேஞ்சுது, எப்பக் காஞ்சுதுன்னு அப்படியே எழுதி வெச்சிருக்கும்." சின்னாயி டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். வாசகம் வீணாகிவிட்டதே என்று அன்றைக்கு முழுக்க வருத்தமாக இருந்தது.

சின்னாயியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பதினோரு வருடமாகக் களத்தில் இருக்கிறாள். புருஷன் இல்லை. மில்லுக்குப் பின்னால் முதலாளி கொடுத்த லைன் வீட்டில் ஒற்றை அறை. ஒரே மகள் மோனிஷா ப்ளஸ் டூ படிக்கிறது. வேலை இருக்கிற வரைக்கும் அறை, வேலை போனால் அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட வேண்டும். இது எனக்கு நன்றாகவே தெரியும். அந்தச் சாவியைப் பதினோரு வருடம் முன்பு அவள் கையில் கொடுத்தவனே நான்தான்.

போன தை மாதம் பிரபாகர் ஒரு படம் போட்டான். செவ்வாயில் முன்னூற்று அறுபது கோடி வருடத்துக்கு முன்னால் காய்ந்த சேறு. தரை முழுக்க விரிசல், அறுகோணம் அறுகோணமாக. பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். இதைத்தானே நான் இருபத்தெட்டு வருடமாகத் தினம் பார்க்கிறேன்! தண்ணீரை வடித்துவிட்டுத் தொட்டியை வெயிலில் விட்டால் மாவு இப்படித்தான் வெடிக்கும். ஓடிப்போய் மூன்றாம் தொட்டியைப் படமெடுத்து, செவ்வாயா பூமியா சொல்லுங்கள் பார்க்கலாம் என்று குழுவில் போட்டேன். நான்கு பேர் செவ்வாய் என்றார்கள். பிறகு பிரபாகர் வந்தான்.

"மச்சி, இது ஏதோ மாவோ சேறோ. ஒரு விரிசல் வந்து இன்னொண்ணுல செங்குத்தா முட்டி நிக்குது பாரு. ஒரே தடவை காஞ்சதுக்கு அடையாளம். செவ்வாய்ல மூணு விரிசலும் சமமாப் பிரியும். பல தடவை நனைஞ்சு காஞ்சாத்தான் அப்படி வரும். நீ இன்னும் பாறையியல் அரியரா?"

கீழே பதினெட்டுச் சிரிப்புப் பொம்மை. எண்ணினேன்.

அன்றைக்கு எரிச்சலில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டியிருந்தது. சின்னாயி எட்டாம் தொட்டிக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தாள். அவளை நிறுத்திவைத்துப் பிரபாகர் சொன்னதை நானே கண்டுபிடித்த மாதிரி விளக்கினேன். ஒரே தடவை காய்ந்தால் சந்து போய் மெயின் ரோட்டில் முட்டுகிற மாதிரி விரிசல் நிற்கும். நனைந்து நனைந்து காய்ந்தால் கவட்டைக் குச்சி மாதிரி மூன்றாகப் பிரியும். "அப்படீங்களா," என்று தார்ப்பாயின் மறுமுனையை இழுக்கப் போனாள். இவளிடம் சொன்னதும் தொட்டிச் சுவரிடம் சொன்னதும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாம் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. அது கிடங்குக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கும் பழைய தொட்டி. இரண்டாம் தர மாவை அதில்தான் விடுவோம். நூலுக்குக் கஞ்சி போடுகிற குமாரபாளையத்து சைசிங் மில்லுக்கு அது போகும். அவர்கள் வண்டி பங்குனியில்தான் வரும். அதுவரை அந்த மாவை யாரும் எட்டிப் பார்க்கப்போவதில்லை. மூடுவதும் காயவிடுவதும் சின்னாயி பொறுப்பு.

"எட்டாம் தொட்டிய இனி நீ தொட வேண்டாம் சின்னாயி. நான் பாத்துக்கறேன்," என்றேன்.

"ஏனுங்க?"

"முதலாளி சொல்லியிருக்காரு."

முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, தோட்டத்துப் பூவாளியை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் பின்னால் போனேன். காய்ந்து வெடித்திருந்த மாவின்மேல் பூப்போலத் தண்ணீர் தெளித்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள். மாசி வெயிலில் மறுநாளே காய்ந்துவிடும். விரிசல் மூடும், திறக்கும், மறுபடி மூடும். நான் பெற்ற பிள்ளைகளுக்குக்கூட நேரத்துக்குத் தண்ணீர் காட்டியதில்லை என்பாள் ஜெயப்பிரியா. மாவுக்கு ஒரு வேளை தவறவில்லை.

புளித்த வாடை அடித்ததே என்று கேட்பீர்கள். சேகோ மில்லில் புளித்த வாடை அடிக்கவில்லை என்றால்தான் நாங்கள் பயப்படுவோம்.

ஒன்பதாவது முறையில் முட்டுகள் மழுங்க ஆரம்பித்தன. பதினோராவது முறையில் பார்க்கிறேன், பத்துக்கு ஏழு இடத்தில் கவட்டை! தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பொய் சொல்லவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. என் வாழ்க்கையில் நானாக எடுத்துச் செய்து முடித்த செய்முறை இது ஒன்றுதான். ஆனால் மாவு வெள்ளை வெளேரென்று இருந்தது. செவ்வாய் சிவப்பு. செங்கல்லை நுணுக்கி, ஜெயப்பிரியாவின் மாவுச் சல்லடையில் சலித்து, மேலே தூவினேன். சாயங்கால வெயிலில் படமெடுத்து, இந்த முறை கேள்வி எதுவும் கேட்காமல், "செவ்வாய்" என்று மட்டும் எழுதிக் குழுவில் போட்டேன். படமெடுத்த சந்தோஷத்தில் தார்ப்பாயைத் திரும்ப மூட மறந்து வீட்டுக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்துக் கோடை மழை ஒரு பாட்டம் பெய்தது.

மறுநாள் வெயில் நன்றாக ஏறி எல்லாம் உலர்ந்த பிறகு குமாரபாளையத்து வண்டி ஒரு வாரம் முன்னதாகவே வந்து நின்றது. முதலாளி கந்தவேல் தானே மாவைக் காட்டுகிறேன் என்று டிரைவரைக் கூட்டிக்கொண்டு கிடங்குக்குப் பின்னால் போனார். அவர் போட்ட சத்தம் களத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. எல்லோரோடும் சேர்ந்து நானும் வேடிக்கை பார்க்கிறவன்போல ஓடினேன்.

மாவு ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் சிவந்து, பூஞ்சை பூத்துக் கிடந்தது. விரிசல்கள் மட்டும் பிரமாதமாக இருந்தன.

"சின்னாயி! இது உன்ற தொட்டிதான? தார்ப்பாயி எங்க போச்சு?"

"மேஸ்திரி தொட வேண்டாம்னுட்டாருங்க மொதலாளி. நீங்க சொன்னதாச் சொன்னாருங்க."

"நான் எப்பச் சொன்னேன்? ஏப்பா மதி, நீ சொன்னயா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சின்னாயியும் பார்த்தாள். பயந்து பார்க்கவில்லை. ஆமாம் என்று நான் சொல்லப்போகிறேன் என்ற நம்பிக்கையில் பார்த்தாள். சட்டைப் பையில் போன் நடுங்கியது. படத்தின்மேல் விரலை வைத்து யாரோ கைதட்டுகிறார்கள்.

"ஞாபகம் இல்லீங்களே," என்றேன்.

நான் பெரிய அயோக்கியன் இல்லை. அயோக்கியனாக இருக்கவும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். நான் வெறும் பயந்தாங்கொள்ளி. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு மாவைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

"நேத்து மழைல மூடாம உட்டுட்டு, இப்ப ஆளு மேல பழி போடறயா?" முதலாளிக்கு மூச்சு வாங்கியது. "பதினோரு வருசம் இருந்தவளேன்னு பாக்கறேன். நாளைக்கு ஊட்டக் காலி பண்ணிச் சாவியக் குடுத்துரு."

"திங்கக்கெழம புள்ளைக்குப் பரீச்சைங்க மொதலாளி."

"அத நீ நேத்து நெனச்சிருக்கோணும்."

போன் மறுபடி நடுங்கியது. பாழாய்ப்போனது நிற்கவே இல்லை. முதலாளி திரும்பி நடக்க, சின்னாயி அழுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினாள். குனிந்து ஒரு கட்டியைப் பெயர்த்து எடுத்தாள்.

"மொதலாளி, சித்த நில்லுங்க. நேத்து மழ ஒரு தடவதான பேஞ்சுது?"

"ஆமா. அதுக்கு என்ன?"

"ஒரு தடவ நனஞ்சு காஞ்ச மாவு இப்படி வெடிக்காதுங்க. இந்தக் கோடு பாருங்க, அந்தக் கோட்டுல முட்டி நிக்கோணும். நிக்கல. கவட்டையாப் பிரிஞ்சிருக்குது. இங்கயும் அப்படித்தான், அங்கயும் அப்படித்தான். இது ஏழெட்டுத் தடவையாவது நனஞ்சு காஞ்சதுங்க. இந்த மாசியில மழ ஏழெட்டுத் தடவ பேஞ்சுதுங்களா?"

டிரைவர் எட்டிப் பார்த்தார். முதலாளி திரும்பி வந்தார். ஒரே தடவை காய்ந்திருந்த மூன்றாம் தொட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறுபடி இதைப் பார்த்தார். இத்தனை வருடமாக மாவு வெடிப்பதைப் பார்க்கிறவர், இன்றைக்குத்தான் உற்றுப் பார்க்கிறார்.

"இதென்ன செவப்பு? செம்மண்ணா?"

சின்னாயி விரலில் தேய்த்தாள். "செங்கப் பொடிங்க. சலிச்ச பொடி. காத்துல வந்ததுன்னா குருணையும் இருக்குமே."

"அப்ப யாரு பண்ணினா இத?"

"அது எனக்குத் தெரியாதுங்க. மாவு இவ்வளவுதான் சொல்லுது. பொறவு, இந்தப் படிப்பெல்லாம் மேஸ்திரி படிப்புங்க. அவரக் கேளுங்க."

நான் பேசிய பேச்சை இந்தக் களத்தில் ஒரு ஆள் கேட்டிருக்கிறது. டம்ளர் கழுவிக்கொண்டே, தார்ப்பாய் இழுத்துக்கொண்டே, ஒரு வார்த்தை சிந்தாமல் கேட்டிருக்கிறது. அந்த ஒரே ஆளைத்தான் நான் ஞாபகமில்லை என்று சொல்லி வீதியில் நிறுத்தப் பார்த்தேன். இதற்குமேல் நின்றால் மனிதனாக வீடு திரும்ப முடியாது என்று தோன்றியது.

"நான்தாங்க," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் முறை சத்தமாகவே சொன்னேன். "நான்தாங்க நனைச்சேன். பதினோரு தடவ. பூவாளியில. செங்கப் பொடியும் நான்தான். அவளத் தொட வேண்டாம்னு சொன்னதும் நான்தான்."

"எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு நல்ல பதில் உலகத்தில் யாரிடமும் இருந்திருக்காது. போனை எடுத்து நீட்டினேன். முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். படத்துக்குக் கீழே இருபத்தாறு கைதட்டல். அதற்கும் கீழே பிரபாகர் எழுதியிருந்தான்: "மச்சி, அருமையான படம். நாசா பக்கத்தில் நான் பார்க்காத படமே இல்லைன்னு நெனச்சேன். இது எங்க கெடச்சுது?"

"என்ன இது?"

"செவ்வாய்ங்க."

"நம்ம எட்டாம் தொட்டியா?"

"ஆமாங்க."

முதலாளி போனைத் திருப்பிக் கொடுத்தார். "செவ்வாய் தோசம் கேள்விப்பட்டிருக்கறேன். செவ்வாயவே கொண்டாந்து தொட்டில உட்டவன இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றார். டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். பெண்கள் சிரிக்கவில்லை. அவர்கள் என்னைப் பார்த்த பார்வைக்கு அவர்கள் சிரித்தே தொலைத்திருக்கலாம்.

முதலாளி தீர்ப்பு இரண்டே வரிதான். எட்டுத் தொட்டிக்கும் இனிமேல் சின்னாயிதான் பொறுப்பு, அவள் சொல்கிற வேலையை நான் செய்ய வேண்டும். எட்டாம் தொட்டியை இன்றைக்கே நான் ஒருவனாக வழித்துக் கழுவ வேண்டும். வேலையை விட்டு ஏன் துரத்தவில்லை என்று தெரியவில்லை. ஒருவேளை வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சிரிக்க அவருக்கும் ஒரு ஆள் வேண்டியிருந்திருக்கும்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினேன். புளித்த மாவு முழங்கால் வரை அப்பியது. என் அறுகோணங்களை நானே வெட்டி வாரிக் கொட்டினேன். பொழுது சாய்கிற நேரத்தில் சின்னாயி வந்து தொட்டி விளிம்பில் நின்றாள்.

"சின்னாயி, நான் பண்ணினது தப்பு," என்றேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் அது வருகைப் பதிவு சொல்வதுபோல வந்தது.

"பூவாளியோட போனீங்களே, ரெண்டாம் நாளே பாத்துட்டனுங்க," என்றாள்.

மண்வெட்டி கையிலேயே நின்றுவிட்டது. "பாத்தயா? அப்பறம் ஏன் மொதலாளிகிட்ட நேரா என்ற பேரச் சொல்லல?"

"தொட வேண்டாம்னு நீங்க சொன்னதச் சொன்னேனுங்களே. நம்புனாரா? கூலிக்கு வர்றவ ஒண்ணு சொல்லி, மேஸ்திரி ஞாபகமில்லைன்னா, யாரு பேச்சு நிக்கும்?" அவள் குரல் உயரவில்லை. "ஆளக் கேட்டாப் பொய்யி, கல்லு பொய் சொல்லாதுன்னு நீங்கதான சொன்னீங்க. அதான் ஆள உட்டுட்டு மாவக் கேட்டேன்."

பையில் போன் மறுபடி நடுங்கியது. அவள் என் பையைப் பார்த்தாள், பிறகு தொட்டியைப் பார்த்தாள்.

"கீழ மூலைல இன்னும் ஒட்டிக்கிட்டிருக்குதுங்க மேஸ்திரி. நல்லா வழிச்சு எடுங்க. புள்ள படிக்கோணும், நான் ஊட்டுக்குப் போறேன்."